இரண்டு ஓம் ரெசிஸ்டரும் லண்டன் வால்வ் அம்ப்பும்

போன வருடம் அத்தான் லண்டனில் வீடு மாறினார். புது வீடு சின்னது, பாட்டுக் கேட்கத் தனி அறை கிடையாது, அதனால் தன்னுடைய வால்வ் அம்ப்பை (பழைய ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடிக் குழாய்களால் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) கப்பல் கார்கோவில் போட்டு எனக்கு அனுப்பிவிட்டார். பெட்டியைத் திறந்தால் மேலே அக்கா வைத்த சாக்லேட், பழைய ஜாக்கெட் இரண்டு, மகளுக்குக் கலர் பென்சில், எல்லாவற்றுக்கும் அடியில் 17 கிலோவில் ஓர் இரும்புக் கட்டி. வால்வுகள் நாலும் தனித்தனியாகக் காலுறைக்குள் இருந்தன. "துவைத்த காலுறைதான்" என்று ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது.

என்னிடம் ஏற்கெனவே ஒரு சான்சுயி இருக்கிறது, ட்ரான்சிஸ்டர் அம்ப், சேனலுக்கு 45 வாட். ஜப்பானில் ஓடி முடித்துவிட்டு இங்கே வந்த சாமான். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230, ஆகவே அதற்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் குந்திக்கொண்டிருக்கும். (அது இல்லாமல் நேரே சொருகிப் புகைவிட்ட ஜப்பான் அம்ப்புகள் கொழும்பில் எத்தனை என்று ரிப்பேர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.) ஸ்பீக்கர் சாதாரண இரண்டு வழி புக்ஷெல்ஃப், அதாவது ஒரு சின்னப் பெட்டிக்குள் கீழ்ச் சத்தத்துக்கு ஒன்று, மேல் சத்தத்துக்கு ஒன்று. வெள்ளவத்தையில் கடல் பக்கத்து மாடி வீடு, கீழே கரையோர ரயில் பாதை, அதற்கப்பால் கடல். மாத்தறை ரயில் போகும்போது யாருடைய அம்ப்பாக இருந்தாலும் ஒன்றுதான்.

அத்தானுடையதில் சேனலுக்கு ஈ.எல்.34 என்கிற பெரிய வால்வ் ஒன்று, முன்னால் சின்ன வால்வ் ஒன்று. சிங்கிள் எண்டட், அதாவது ஒரே வால்வு அலையின் இரண்டு பாதியையும் சுமக்கிறது, பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்னோட்டத்தில் நிற்கிறது. சேனலுக்கு 8 வாட். 45 எங்கே 8 எங்கே என்று தோன்றும், ஆனால் காதுக்கு அது ஐந்தரை மடங்கு இல்லை, சத்தத்தை அளக்கிற கணக்கில் 7.5 டெசிபல்தான். பத்து மடங்கு வாட் இருந்தால்தான் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும். எங்கள் ஹோலுக்கு 8 வாட் போதும். மேல் மாடி ஆன்ட்டிக்கு அதுவே அதிகம்.

முதல் நாள் இரவு போட்டுக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் அசந்துவிட்டேன். பாடுகிறவர் இரண்டடி முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அடுத்து சான்சுயிக்கு மாற்றினேன், சப்பென்று இருந்தது. அடடா, இத்தனை வருடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்து அத்தானுக்கு நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் நாலு பாராவுக்கு நன்றி எழுதினேன்.

காலையில் சந்தேகம் வந்தது. நான் இரண்டு அம்ப்பிலும் வால்யூம் குமிழைக் "கிட்டத்தட்ட அதே அளவுக்கு" வைத்திருந்தேன். கிட்டத்தட்ட என்பது இந்த விஷயத்தில் உதவாத சொல். அரை டெசிபல், ஒரு டெசிபல் வித்தியாசத்தை நம் காது "சத்தம் கூட" என்று சொல்லாது, "இது நல்லா இருக்கு, தெளிவா இருக்கு" என்றுதான் சொல்லும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சரி, அளந்து பார்ப்போம் என்று இறங்கினேன். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர், கையில் மலிவு மல்டிமீட்டர். 1000 ஹெர்ட்ஸில்தான் எல்லோரும் அளக்கச் சொல்வார்கள், ஆனால் இந்த மாதிரி மீட்டர் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸை அளக்கச் செய்தது, 1000இல் போனால் பொய் சொல்லும். அதனால் 200 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜ் பார்த்தால் வால்வ் அம்ப் 1.9, சான்சுயி 1.6. ஒன்றரை டெசிபல் வித்தியாசம். என் நாலு பாரா நன்றியில் எத்தனை பாரா அந்த ஒன்றரை டெசிபலுக்கு உரியது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல், கேபிளைக் கழற்றி மாட்டி ஒப்பிட முடியாது. கதிரையில் திரும்ப உட்காருவதற்குள் முதலில் கேட்டது மனதில் கதையாக மாறிவிடும், சத்தமாக இருக்காது. ஒரு சுவிட்ச் வேண்டும். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ட்ரான்சிஸ்டர் அம்ப்புக்கு ஷார்ட் பகை, வால்வ் அம்ப்புக்கு ஓப்பன் பகை. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வ் அம்ப்பில் சத்தத்தை ஏற்றினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்டேஜ் எகிறி, உள்ளே பொறி பறந்து, அந்த இரும்புக் கட்டிக்குள் இருக்கும் விலை உயர்ந்த பகுதியே போய்விடும். எங்கள் பக்கத்தில் பழைய ரேடியோ பார்க்கிற ஐயா ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர், அவரிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றினதுமே என் கையைத் தட்டிவிட்டார்.

"தம்பி, உது வெளியாலை பாக்கத்தான் வடிவு. பிளக்கைக் கழட்டினாலும் அந்தக் கப்பாசிற்றருக்குள்ளை நானூறு வோல்ட் நிக்கும். ஒரு கையைச் சேட்டுப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு மற்றக் கையாலை வேலை செய்யப் பழகு."

இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் போகும், அதுதான் காரணம். இதை இன்றைக்கும் கடைப்பிடிக்கிறேன். அவரே ஒரு சுவிட்ச் பெட்டி செய்து தந்தார்: ஸ்பீக்கர் சான்சுயிக்குப் போகும்போது வால்வ் அம்ப்பின் மேல் 8 ஓம் டம்மி லோட், அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக நிற்கும் ரெசிஸ்டர், தானாக ஏறும், ரிலே டிக் என்று சத்தம் போடும். சாமான்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நானே வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு மனைவி. அவர் அறைக் கதவுக்குப் பின்னால் சுவிட்சோடு, நான் ஹோலில் கண்ணை மூடிக்கொண்டு. காசு சுண்டிப் பார்த்து மாற்ற வேண்டும், சில தடவை டிக் சத்தத்துக்காக மாற்றிவிட்டுத் திரும்ப மாற்ற வேண்டும், என்ன விழுந்தது என்று கொப்பியில் எழுத வேண்டும். மூன்றாவது ரவுண்டில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "நீங்கள் பாட்டுக் கேக்கிறியளோ, சோதினை எழுதிறியளோ?"

எந்த அம்ப் ஓடுகிறது என்று 16 தடவையில் 14 சரியாகச் சொன்னேன், வோல்டேஜைச் சமப்படுத்திய பிறகும். குருட்டாம்போக்கில் சொன்னாலே எட்டு வரும், பன்னிரண்டு வந்தால் ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம், பதினாலு என்றால் நிச்சயம் கேட்கிறது. ஆகவே "எல்லா அம்ப்பும் ஒன்றுதான், மிச்சம் மனப்பிராந்தி" என்கிற கட்சியில் நான் சேர முடியாது.

ஆனால் என்ன கேட்கிறது? இங்கேதான் சுவாரசியம்.

தவிலை வைத்துச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பழைய பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது, நாடாவிலிருந்து யாரோ ஏற்றியது, இரைச்சல் நிறைய. வலந்தலையில் விரல் கூடு போட்டு அடிக்கிற அடி, சுள்ளென்று கண்ணாடி உடைகிற மாதிரி வர வேண்டும். இடது பக்கம் தொப்பியில் கழி விழுகிற அடி, "தொம்" என்று விழுந்து உடனே நிற்க வேண்டும். சான்சுயியில் நிற்கிறது. வால்வ் அம்ப்பில் "தொம்ம்ம்". அந்தக் கூடுதல் இரண்டு "ம்" எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி. சில பாட்டுக்கு அது அழகு, கேட்கக் கொழுகொழுவென்று இருக்கும். தவிலுக்கு அது துரோகம்.

அதே சமயம் ஒரு பெண் குரல், பக்கத்தில் வயலினும் தம்புராவும் மட்டும் என்றால் வால்வ் அம்ப்பை அடிக்க முடியவில்லை. குரல் முன்னால் வருகிறது. கண்ணை மூடி நான் சரியாகச் சொன்ன பதினாலில் பெரும்பாலானவை இந்த இரண்டு அடையாளத்தால்தான்: தொப்பி இழுக்கிறதா, குரல் முன்னால் நிற்கிறதா.

வழக்கமாக இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: வால்வ் இரட்டைப்படை ஹார்மோனிக் (மூலச் சுரத்தின் இரண்டு, மூன்று, நாலு மடங்கு அதிர்வில் கூடவே எழும் சத்தங்கள்) சேர்க்கிறது, அது இனிமை, ட்ரான்சிஸ்டர் ஒற்றைப்படை சேர்க்கிறது, அது கரகரப்பு. நானும் பத்து வருடமாக இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்சம் சங்கீதம் தெரிந்தவர்கள் நின்று யோசித்தாலே இதில் ஓட்டை தெரியும். ஸ பாடினால் இரண்டாவது ஹார்மோனிக் மேல் ஸ்தாயி ஸ. நல்லது. மூன்றாவது, அதற்கு மேலே பஞ்சமம். ஒற்றைப்படைதான், ஆனால் ஸவுக்குப் பவைவிடப் பொருத்தமான சுரம் எது? ஐந்தாவது, அந்தர காந்தாரம், தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால் தானாக எழும் அந்தச் சுயம்பு காந்தாரம். அதுவும் ஒற்றைப்படை. ஏழாவதுக்குப் போனால்தான் எந்தச் சுரத்திலும் ஒட்டாத ஒன்று வருகிறது, கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, அது கொஞ்சம் ஏறினாலும் காது சுளிக்கும். ஆகவே ஒற்றை இரட்டை அல்ல விஷயம், எவ்வளவு மேலே போகிறது என்பதுதான். என் வால்வ் அம்ப்பை லேப்டாப்பில் மாட்டி அளந்தபோது ஒரு வாட்டில் இரண்டாவது ஹார்மோனிக் சுமார் ஒரு சதவீதம், மூன்றாவது அதைவிட நன்றாகக் கீழே, அப்புறம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சான்சுயியில் எல்லாமே அடிமட்டத்தில்.

ஒரு சதவீதம் தனிக் குரலில் கேட்குமா? கேட்கலாம், எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைத்த சினிமாப் பாட்டில்தான். அங்கே முப்பது வயலினும் ட்ரம்ஸும் சேர்ந்து வரும்போது ஒவ்வொன்றும் மற்றொன்றோடு கலந்து புதுசு புதுசாகச் சத்தம் உண்டாக்கும், சேறு கலங்கின மாதிரி. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். அதை இனிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் குரல் முன்னால் வருவதும் தொப்பி இழுப்பதும்? அதற்கு ஹார்மோனிக் காரணம் இல்லை என்று எனக்குச் சந்தேகம். ரிப்பேர் ஐயாவிடம் கேட்டேன். அவர் ஒரு ரெசிஸ்டர் டப்பாவைத் தட்டிக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பழைய ஆட்கள் இப்படித்தான், பதிலை நம் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வால்வ் அம்ப்பை 8 ஓம் லோடிலும் 16 ஓம் லோடிலும் அளந்தால் வோல்டேஜ் மாறுகிறது, அதிலிருந்து அதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அம்ப்புக்கு உள்ளேயே இருக்கும் தடை, இரண்டு ஓமுக்குக் கொஞ்சம் மேலே என்று வருகிறது. சான்சுயிக்கு பத்தில் ஒரு ஓம்கூட இல்லை. ஸ்பீக்கரில் 8 ஓம் என்று ஒட்டியிருப்பது பேருக்குத்தான். என்னுடையது 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 6 ஓம், பேஸ் ஒலிக்கும் இடத்தில் 30 வரை ஏறுகிறது, பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் கைமாறுகிற 2000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு, 20. சான்சுயிக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே இல்லை, எங்கும் ஒரே வோல்டேஜ் கொடுக்கும். வால்வ் அம்ப்புக்குத் தன் வயிற்றுக்குள்ளேயே இரண்டு ஓம் இருப்பதால் ஸ்பீக்கர் 6 ஓம் ஆகும்போது வோல்டேஜில் கால்வாசி உள்ளேயே போய்விடுகிறது, 20இலும் 30இலும் கொஞ்சம்தான் போகிறது. விளைவு, 2000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றரை டெசிபலுக்கு மேலும், பேஸ் பக்கம் இரண்டு டெசிபலும் ஏற்றம். 2000 ஹெர்ட்ஸ் என்பது குரலின் உச்சரிப்புத் தெளிவு இருக்கிற இடம். அந்த அம்மா இரண்டடி முன்னால் வந்து உட்கார்ந்தது இதனால்தான். பேஸில் ஏற்றமும், ஸ்பீக்கர் கூம்பைப் பிடித்து நிறுத்துகிற பிடி தளர்வதும் சேர்ந்தால் "தொம்ம்ம்".

அப்படியென்றால் சான்சுயிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இரண்டு ஓம் போட்டால்?

புறக்கோட்டையில் வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்கும் சிமென்ட் ரெசிஸ்டர், 2.2 ஓம், 10 வாட், இரண்டு. விலை ஒரு வடையும் பிளேன் டீயும். பக்கத்துக்கு ஒன்றாக வயரில் முறுக்கி, சத்தத்தை மறுபடி சமப்படுத்தி, மனைவியைக் கெஞ்சி (ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையல் என் பொறுப்பு என்ற ஒப்பந்தத்தில்) இன்னொரு 16 தடவை. எனக்கு வந்தது 9.

ஒன்பது! தவிலில்கூடத் தடுமாறினேன். கொப்பியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எல்லாப் பாட்டிலும் அப்படி இல்லை, சத்தத்தைக் கூட்டி ஆர்க்கெஸ்ட்ரா போட்டால் இன்னும் பிடித்துவிடுவேன், ஆனால் இரவில் நாங்கள் கேட்கிற அளவுக்கு வித்தியாசம் போய்விட்டது.

பிறகுதான் நினைவுக்கு வந்தது, 1985இல் பாப் கார்வர் என்கிற அமெரிக்கப் பொறியாளர் இதைவிடப் பெரிதாகச் செய்து காட்டியிருக்கிறார். ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களிடம் போய், நீங்கள் சொல்கிற விலை உயர்ந்த வால்வ் அம்ப்பைத் தாருங்கள், இரண்டு நாளில் என் ட்ரான்சிஸ்டர் அம்ப்பை அதே மாதிரி ஒலிக்க வைக்கிறேன் என்று சவால் விட்டு, ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இரண்டு அம்ப்பின் வெளியீட்டையும் கழித்துப் பார்த்துப் பார்த்து மிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவர்களால் வேறுபடுத்த முடியவில்லை. என் சிமென்ட் ரெசிஸ்டர் அந்த வேலையின் ஏழைச் சொந்தக்காரன்.

"வால்வ் சத்தம்" என்றால் நம் ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது பழைய ரேடியோ. அப்பப்பாவின் வீட்டு ரேடியோ, பச்சைக் கண், இலங்கை வானொலி. இந்த ஊருக்கும் வால்வுக்கும் உறவு பழையதுதான், கொழும்பில் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்பு தொடங்கியாயிற்று. ஆனால் அந்த ரேடியோவின் கதகதப்பு வால்விலிருந்து வந்ததில்லை. மத்திய அலையில் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் பெரிதாக வராது, மேலே உள்ள கூர்மையெல்லாம் வெட்டுப்பட்டுவிடும், அப்புறம் ஒரு முட்டை வடிவ ஸ்பீக்கர், அதைச் சுற்றி முழங்குகிற மரப் பெட்டி. அதைத்தான் நாம் வால்வ் என்று நினைவில் வைத்திருக்கிறோம். லண்டன் அம்ப் அந்த மாதிரி ஒலிக்கவே இல்லை, அப்பா வந்து கேட்டுவிட்டு "இது பழைய சத்தம் இல்லையே" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கொழும்பில் வால்வ் வைத்திருப்பதில் வேறு கஷ்டங்கள் உண்டு. சுவரில் ஒரு வாட் மீட்டர் சொருகிப் பார்த்தேன்: பாட்டே இல்லாமல் 96 வாட். அதில் உச்சத்தில்கூட இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஸ்பீக்கருக்குப் போவது 16, மிச்சம் முழுக்க ஹோலுக்குச் சூடு. தினம் நாலு மணி நேரம் என்றால் மாதத்துக்கு பதினொன்றரை யூனிட். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 ஏறிய பிறகு இந்த வீட்டில் யூனிட் என்பது மரியாதையான சொல். சித்திரை மாதப் புழுக்கத்தில் அதைப் போட்டால் ஃபேனைக் கூட்ட வேண்டும், ஃபேனைக் கூட்டினால் பாட்டுக் கேட்காது, பாட்டைக் கூட்டினால் மேல் மாடி ஆன்ட்டி. உவர்க்காற்று வேறு. நாலாவது மாதமே இடது பக்கம் சரசரவென்று தொடங்கியது, வால்வைப் பிடுங்கிப் பார்த்தால் பின்களில் கறுப்பு. ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சாக்கெட்டை இறுக்கினேன், சரியாகிவிட்டது. மழைக்காலத்தில் ஒரு பல்லி ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் சுவருக்கும் நடுவே குடியேறிவிட்டது, அதற்கு அதைவிடக் கதகதப்பான இடம் இந்த மாடியில் கிடையாது. மகள் அதற்கு ஈ.எல். என்று பேர் வைத்திருக்கிறாள். கண்ணாடி தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் சூடு, அதனால் மேலே கம்பிக் கூடு போடாமல் போடுவதே இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இப்போது எது ஓடுகிறது என்றால், மழை நாட்களில் வால்வ், மற்ற நாட்களில் சான்சுயி. சான்சுயி பக்கத்தில் ரெசிஸ்டரை உள்ளே எடுக்கவும் வெளியே தள்ளவும் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துவிட்டேன். மனைவி மாஸ்கிங் டேப்பில் பேனாவால் ஒரு பக்கம் "கொழும்பு", மறு பக்கம் "லண்டன்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். தவிலுக்குக் கொழும்பு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லண்டன்.

அத்தான், இதை வாசித்தால் கோபிக்க வேண்டாம். அந்த நாலு பாராவில் மூன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அம்ப்பைத் திருப்பித் தர மாட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஜோடி சேர்த்த ஈ.எல்.34 இரண்டு கொண்டுவாருங்கள், கையில் எடுத்துவருகிற பைக்குள். காலுறையில் சுற்றினால் போதும்.